மழையில் ஏற்காடு ஏறும்போது வண்டி அடைக்கிறது: சிடிஐ மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது "சிடிஐ மாற்றலாமா?" என்று. சிடிஐ என்பது பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுப் பெட்டி. எழுதியிருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால் உண்மையான கேள்வி வேறு: மழைத் தண்ணீர் வண்டியில் எங்கே போய் வேலையைக் கெடுக்கிறது, காசு செலவழிக்கும் முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் சொன்னதை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். 2016 மாடல், 150 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பைக். வாரத்தில் மூன்று நாள் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போய் வருகிறீர்கள். அக்டோபர் மழை நாளில், பகலில் அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும், மூன்றாவது கியரில் முறுக்கினால் அடைக்கிறது, குலுக்குகிறது. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் ஓடுகிறது, ஐடிலிங் கெடவில்லை. மேலே ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. இறங்கும்போது மழை பெய்தாலும் தொந்தரவு இல்லை. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. வெயில் நாளில் பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி நன்றாகவே ஓடுகிறது, அதனால் அடுத்து சிடிஐ என்கிறார்கள்.

நேரான பதில்: இப்போதைக்குச் சிடிஐ மாற்ற வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டைப் பெரும்பாலும் ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பெட்டியும் சீட்டுக்கு அடியிலோ டேங்குக்கு அடியிலோ மறைவாக இருக்கும். மழையில் நனைந்து கெடுவதும், ஒரு மணி நேரத்தில் காய்ந்து திரும்ப ஒழுங்காக ஓடுவதும் அதன் குணம் இல்லை. அது சூடேறித் தகராறு செய்யும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு மூன்று காரணங்கள்தான் பொருந்துகின்றன. பெரும்பாலும் பிளக்கின் மேல் மாட்டும் கேப்பிலோ பிளக் ஒயரிலோ கரண்ட் வழி தவறி வண்டியின் உலோகப் பாடிக்குக் கசிவது, அதாவது எர்த் ஆவது. அடுத்தது, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொள்வது. மூன்றாவது, வாய்ப்பு குறைவு என்றாலும் மலைப்பாதையில் தள்ளிவிட முடியாதது, கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிவது. வண்டியைப் பார்க்காமல் எழுதுவதால் முதல் காரணம்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மூன்றையும் பிரித்துப் பார்க்க ஐம்பது ரூபாய்கூடத் தேவைப்படாது.

எர்த் ஆவதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், சமதரையில் ஓடிய வண்டி ஏற்றத்தில் அடைப்பதற்கும், இறக்கத்தில் சும்மா இருப்பதற்கும் அது முழு விளக்கம் தருகிறது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய பல ஆயிரம் வோல்ட் வேண்டும். எவ்வளவு ஆயிரம் என்பது இன்ஜின் அப்போது எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம், அழுத்தமும் குறைவு, பொறி எளிதாகப் பாயும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முறுக்கும்போது சிலிண்டர் நிறைய கலவை வந்து அழுந்துகிறது. அந்த அடர்த்தியைத் துளைக்க இரண்டு மூன்று மடங்கு வோல்ட் கேட்கும். அந்த நேரத்தில் பிளக்கின் பீங்கான் மேல் சேறு கலந்த ஈரம் ஒரு மெல்லிய படலமாக இருந்தால், கரண்டுக்கு அதுவே சுலபமான வழி. உள்ளே பாய வேண்டியது வெளியே வழிந்து பாடிக்குப் போய்விடுகிறது. கோரிமேடு வழியாக அடிவாரம் வருவதற்குள் கேப் நனைந்துதான் இருக்கும், சுமை இல்லாததால் தெரியவில்லை. வளைவுகள் தொடங்கியதும் தெரிகிறது. இறங்கும்போது ஆக்சிலேட்டர் மூடியே இருப்பதால், நனைந்தாலும் மறைந்துகொள்கிறது.

புதுப் பிளக் போட்டும் ஏன் தீரவில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒருமுறை ஈரத்தின் வழியாகக் கரண்ட் ஓடிவிட்டால், பீங்கான் மேலும் கேப்பின் உட்சுவரிலும் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பிளக்கை மட்டும் மாற்றினால் கேப்பின் உள்ளே இருக்கும் கோடு அப்படியே இருக்கிறது, அடுத்த மழையில் அதே பாதை திறந்துகொள்கிறது. பட்டறையில் பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்து வைத்து, கிக்கரை உதைத்து, நீலப்பொறி வருகிறதே என்று காட்டியிருப்பார்கள். அந்தச் சோதனையில் பொறி வராவிட்டால் அதற்கு அர்த்தம் உண்டு. வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திறந்த காற்றில் பொறி பாய்வது, அழுத்தத்தில் பாய்வதைவிட மிக எளிது. அதுவும் காய்ந்த நாளில் செய்த சோதனை, காய்ந்த நாளின் நிலையைத்தான் காட்டும்.

ஆகவே கோளாறை நீங்களே வரவழைக்க வேண்டும். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்று போதும். இருட்டிய பிறகு, திறந்த வெளியில், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எங்கும் பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் பிளக் கேப்பின் அடிப்பகுதியில் மட்டும் பனி போல நாலைந்து தடவை அடியுங்கள். சூடான பீங்கான் மேல் வாளித் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம், அதனால் தூறலாகத்தான் அடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். மிஸ்ஸிங் (பொறி தவறி இன்ஜின் விட்டுவிட்டு வெட்டுவது) வருகிறதா, கேப்பின் ஓரத்தில் நீலமாக ஏதாவது ஊர்கிறதா, டிக் டிக் என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து, அடுத்து பிளக் ஒயரின் நீளம் முழுக்க. அதற்குப் பிறகு காயில், அதாவது பிளக்குக்கு உயர் வோல்ட் உண்டாக்கும் பாகம். கடைசியில் கப்ளர்கள், அதாவது ஒயர்கள் ஒன்றோடொன்று சேரும் பிளாஸ்டிக் இணைப்புகள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஓடும்போது கேப்பையோ ஒயரையோ தொட வேண்டாம், அடி பலமாக இருக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையின் அருகில்கூட நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், நிற்கும் வண்டியில் சுமை இல்லை அல்லவா. மறுநாள் வெளிச்சத்தில், மழையில்லாத நேரம் பார்த்து, அடிவாரத்தில் நிறுத்திக் கேப்பை மட்டும் நனைத்து, உடனே மூன்றாவது கியரில் முதல் இரண்டு வளைவு ஏறிப் பாருங்கள். காய்ந்த சாலையில் கேப் நனைந்ததற்கே அடைத்தால் விஷயம் முடிந்தது.

அப்படியானால் செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். சாவியை அணைத்து, இன்ஜின் ஆறிய பிறகு கேப்பைப் பிளக்கிலிருந்து இழுத்தெடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கேப்பின் உடலைப் பிடித்து இழுங்கள். கேப் ஒயரோடு சேரும் இடத்தில் உள்ளே ஒரு திருகாணி இருக்கிறது. பெரும்பாலான கேப்புகளை இடப்பக்கமாகத் திருகினால் ஒயரிலிருந்து கழன்று வரும். ஒயர் முனையில் செம்பு பச்சை பூத்தோ கருத்தோ இருந்தால் 5 அல்லது 6 மிமீ நேராக வெட்டுங்கள், பளபளப்பான செம்பு தெரிய வேண்டும். மிச்ச நீளம் இழுபடாமல் பிளக்குக்கு எட்டுகிறதா என்று வெட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் கேப்பின் இரு முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப்புகளில் வழக்கமாக 5 கிலோ ஓம் அருகில் காட்டும், சில வண்டிகளுக்கு வேறு மதிப்பும் உண்டு. எதுவும் காட்டவில்லை, அல்லது தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்றால் கேப்பைத் தூக்கிப் போடலாம். கேப்பின் இரு முனையிலும் உள்ள ரப்பர் கல்லாகி வெடித்திருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் நுழைகிறது. உங்கள் வண்டிக்கு வயது போதும் என்பதால், சோதனையில் கேப்பின் பக்கம் சந்தேகம் விழுந்தாலே புதுக் கேப் போட்டுவிடுவது நல்லது. சிடிஐயின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

புதுக் கேப் போடும்போது பிளக் பக்க ரப்பரின் உள்விளிம்பில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். செயினுக்கும் பேரிங்குக்கும் போடும் சாதாரண கிரீஸ் கூடாது, அது ரப்பரை ஊதவைத்துத் தளர்த்திவிடும். பிளக்கின் பீங்கானைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள். கரிக்கோடு இருந்தால் தேய்த்துப் போக்கப் பார்க்காதீர்கள், பிளக்கையே மாற்றிவிடுங்கள். பிளக் இடைவெளி பல வண்டிகளில் 0.6 முதல் 0.8 மிமீ, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். இடைவெளி தேய்ந்து கூடிப்போனால் கேட்கும் வோல்டும் கூடும், ஈரத்தில் தப்பும் வாய்ப்பும் கூடும். ஒயர் ஃபிரேமிலோ கிளட்ச் கேபிளிலோ உரசி வெடித்திருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றுவது தீர்வாகாது, டேப்புக்கு அடியில் தண்ணீர் தங்கி இன்னும் மோசமாகும். ஒயர் காயிலோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால் காயிலோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள், பல வண்டிகளில் அதுதான் எர்த்.

முன் மட்கார்டின் அடியில் ஒரு ரப்பர் பட்டை தொங்குமே, அது உங்கள் வண்டியில் இருக்கிறதா? அழகுக்காகக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது ஸ்பீடு பிரேக்கரில் கிழிந்து போகிறது. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் நேராக ஹெட்டுக்குத்தான் வரும், பிளக் அங்கேதான் இருக்கிறது. வானத்திலிருந்து விழும் மழையைவிட இந்தத் தண்ணீர்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. அதில் மண்ணும் உப்பும் இருப்பதால் கரண்டை நன்றாகக் கடத்தும். ரப்பர் பட்டையைத் திரும்பப் போடுவது நூறு சோதனைக்குச் சமம். வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போதும் கேப், கப்ளர்கள், ஏர் ஃபில்டரின் காற்று வாய், சைலன்சர் முனை ஆகியவற்றில் அந்தப் பிரஷரைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மழையே இல்லாமல், சர்வீஸ் முடிந்து எடுத்த அன்று இதே மிஸ்ஸிங் வந்திருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். வந்திருந்தால் அது நல்ல சாட்சி.

இப்போது இரண்டாவது காரணம், டேங்க் மூடி. இதையும் நான் கிட்டத்தட்ட முதல் காரணத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன், ஏனென்றால் "சிறிது தூரம் போனதும் வருகிறது, நிறுத்தினால் போகிறது, இறக்கத்தில் இல்லை" என்ற மூன்றும் இதற்கும் பொருந்துகின்றன. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியில் அதற்கான துளை சேற்றால் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்க மறுக்கும். வெயிலில் சூடாக இருந்த டேங்க் மேல் குளிர்ந்த மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் சுருங்கி அந்த இழுப்பு இன்னும் கூடும். ஏற்றத்தில் செலவு அதிகம் என்பதால் ஃப்ளோட் சேம்பரில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) இருப்பு காலியாகி அடைக்கும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் வருகிற கொஞ்சமே போதுமாகிவிடும். சோதனை மிக எளிது. அடைக்கத் தொடங்கிய உடனே, வளைவில் அல்லாமல் அகலமான ஓரத்தில் நிறுத்தி, மழை உள்ளே விழாமல் கையாலோ கோட்டாலோ மறைத்துக்கொண்டு மூடியைத் திறந்து மூடுங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே கிளப்பினால் ஒழுங்காக இழுத்தால், காரணம் இதுதான். பிளக் கேப் ஈரம் என்றால் மூடியைத் திறந்ததால் எதுவும் மாறாது. அடுத்த மழைப் பயணத்தில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

மூடியைப் பார்க்கும்போதே அதைச் சுற்றியுள்ள பள்ளத்தையும் பாருங்கள். விமானத்தில் இருப்பது போன்ற பதிந்த மூடி உள்ள டேங்குகளில், அந்தப் பள்ளத்தில் விழும் மழைநீர் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கிக் கீழே சொட்ட வேண்டும். அந்த ஓட்டை அடைத்தால் மூடியைச் சுற்றிக் குளம் கட்டும், பங்க்கில் திறக்கும்போது அத்தனையும் உள்ளே போகும். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் சில நொடியில் கீழே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய நைலான் கம்பியால் குத்தி விடுங்கள்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அறிகுறிகளுக்கு அது அவ்வளவு பொருந்தவில்லை. ஒரு மணி நேரம் நிறுத்தினால் டேங்கில் உள்ள தண்ணீர் எங்கும் போகாது, மறுநாள் வெயிலிலும் தொந்தரவு செய்யும். ஆனால் பார்த்துவிடுவது கடினம் அல்ல. பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, கீழே வரும் குழாயை ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு வரும் அளவு பிடியுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாகவோ தனி அடுக்காகவோ ஏதாவது நின்றால் அது தண்ணீர். மெயின் ஜெட் (பெட்ரோல் அளவாகப் போகும் சின்னத் துளை) சேம்பரின் அடியில் இருப்பதால், அங்கே கிடக்கும் துளி முறுக்கும்போது ஜெட்டுக்குள் ஏறி அடைக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு: மெயினில் நன்றாக ஓடி, ரிசர்வுக்கு மாற்றியதும் மட்டும் அடைத்தால், டேங்கின் அடியில் தண்ணீரோ துருவோ கிடக்கிறது, ரிசர்வ் குழாய் அடியிலிருந்துதான் எடுக்கிறது.

எத்தனால் கலப்பு இதில் ஒரு சிக்கல் சேர்க்கிறது. 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் தன் அளவில் சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அதாவது பத்து லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லி. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இ20 (20 சதவீதம் எத்தனால் உள்ளது) இன்னும் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் எல்லையைத் தாண்டினாலோ, பெட்ரோல் குளிர்ந்தாலோ, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். சேலத்தில் நிரப்பி ஏற்காட்டுக் குளிரில் ஓர் இரவு நிறுத்தும் வண்டியில் இது நடக்கக்கூடும். அப்படிப் பிரிந்துவிட்டால் மேலே எதையாவது ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், டேங்கை முழுதும் வடித்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது காரணம் பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்வதால் கார்புரேட்டரின் தொண்டை வெளிக்காற்றைவிட மிகக் குளிரும். வெளியே 10 அல்லது 12 டிகிரி இருந்து, காற்றும் மூடுபனியால் நிறைந்திருந்தால், உள்ளே ஈரம் உறைந்து பாதையைச் சுருக்க முடியும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மேல் வளைவுகளில் இதற்குச் சாத்தியம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அக்டோபர் பகல் மழைக்கு இது சரிவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வித்தியாசம் இதுதான்: பனிக்கட்டி என்றால் மழையே இல்லாத வெறும் மூடுபனியிலும் வரும், ஆக்சிலேட்டரைப் பாதியில் ஒரே நிலையில் பிடித்து ஓட்டும்போது அதிகம் வரும், ஐடிலிங்கும் தடுமாறும், ஐந்து பத்து நிமிடம் நிறுத்தினால் இன்ஜின் சூட்டிலேயே உருகிச் சரியாகிவிடும். இதற்கு மாற்ற வேண்டிய பாகம் எதுவும் இல்லை.

இங்கே இன்னொன்றையும் பிரித்துவிட வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலைப் பழைய கணக்கிலேயே விடும். அதனால் இருபதாவது வளைவு வரும்போது வண்டி கொஞ்சம் சோம்புவது இயற்கை, அதற்காக ஜெட் மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சோம்பல் சீராக, மெதுவாகக் கூடும். மிஸ்ஸிங் என்பது திடீர் திடீரென்று வெட்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலும் சீரான சோம்பல்தான் வரும், கூடவே கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும். நனைந்த காகித ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் காயாது. ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் குழாயின் மூடியை எடுத்துத் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டரைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

சுவிட்சுகளைப் பற்றிச் சுருக்கமாக. கில் சுவிட்ச், இக்னிஷன் சுவிட்ச் அல்லது சைடு ஸ்டாண்டு சுவிட்சில் தண்ணீர் போனால் இன்ஜின் சுமையைப் பார்த்து அடைக்காது, விளக்கை அணைத்தது போல வெட்டும். உங்களுடையது அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் சிடிஐ என்றால் பேட்டரி வோல்டையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இன்ஜினைச் சற்று ரேஸ் செய்து ஓடவிடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். கப்ளர்களைக் கழற்றிப் பார்த்து, பின்களில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து காயவைத்துச் செருகுங்கள். மழை முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்கி, வெயிலிலும் தொடரும் கோளாறு பெரும்பாலும் இந்தப் பச்சையில்தான் இருக்கும்.

குலுக்கல் இன்ஜினிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். மழையில் எண்ணெய் கழுவப்பட்ட செயினில் ஒன்றிரண்டு லிங்க் துருவேறி இறுகினால், ஏற்றத்தில் வெட்டுவது போலவே தோன்றும். சமதரையில் ஓடும்போது கிளட்ச்சைப் பிடித்து உருளவிடுங்கள். அப்போதும் சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்பக் குலுக்கல் இருந்தால் செயினைப் பாருங்கள்.

இதே அறிகுறியோடு பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்ஷன். காற்றழுத்தத்தை அளந்து தானே சரிசெய்துகொள்வதால் உயரத்தின் சோம்பலில் கலவைக் கோளாறு சேராது. கார்புரேட்டர் பனியும் இவற்றில் கணக்கில் வராது. பிளக் கேப் சோதனை அப்படியே பொருந்தும். கூடவே இன்ஜின் விளக்கு எரிந்ததா என்பது முக்கியம். எரிந்திருந்தால் எதையும் கழற்றும் முன் வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

மழைத் தண்ணீர் நிற்கும் ரோட்டில் சைலன்சர் மூழ்கி வண்டி நின்றுபோனால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, அதைக் கேப்போடு ஹெட்டிலிருந்து விலக்கி எர்த்தில் வைத்து, மெதுவாகக் கிக்கரை அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கிளப்பவே கூடாது, முதலில் ஆயில் மாற்ற வேண்டும்.

உங்கள் வண்டிக்குத் திரும்பினால், அடுத்த மழையில் அடைத்த இடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். அன்று மாலையே ஸ்பிரே அடித்துப் பாருங்கள். இரண்டிலும் பிடிபடாமல், கேப்பும் ஒயர் முனையும் மாற்றி, காயிலின் எர்த்தையும் கப்ளர்களையும் சுத்தம் செய்து, அதற்குப் பிறகும் மழையில் அடைத்தால், சிடிஐயின் முறை வருகிறது. அப்போதும் உடனே வாங்க வேண்டாம். எலக்ட்ரிகல் பாகத்தைக் கடைகளில் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதே மாடல், அதே வருட வண்டி வைத்திருப்பவரிடம் ஒரு நாளைக்குச் சிடிஐயை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், பாக நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, சாவி அணைந்திருக்கும்போது கப்ளரைக் கழற்றுங்கள். மழையில் அதே வளைவுகளை அதே கியரில் ஏறுங்கள். அவருடைய சிடிஐயில் உங்கள் வண்டி ஒழுங்காக ஏறி, உங்களுடையதில் அவர் வண்டி அடைத்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.